அண்ணி பார்த்துவிட்ட எண்

என் அண்ணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் அடுத்த அரைமணி நேரம் போச்சு. புரோட்டான் என்ற பொடித் துகள்களை அசுர வேகத்தில் ஒன்றோடு ஒன்று மோதவிடும் இயந்திரம் ஒன்று எங்கோ தூரத்தில், பூமிக்கடியில் இருக்கிறது. மோதலில் என்னென்ன சிதறியது என்ற விவரம் மட்டும் அண்ணியின் அலுவலகத்துக்கு வந்து சேரும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அவர் வேலை. இதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அடுத்ததாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், இதனால் என்ன பிரயோஜனம் என்று. அண்ணி அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். எனக்கு அது வராது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவளிடம் சாயங்காலம் என்ன பொறுமை மிச்சமிருக்கும்?

அண்ணனும் அண்ணியும் மாடியில், நான் கீழே. அண்ணன் பல் கட்டுகிறவன். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவன் உட்கார்ந்து பல்வரிசை செய்து கொடுப்பான். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு இவன் கைவேலை. ஆனால் இவனைச் சிரிக்க வைக்க அண்ணி ஒருவரால்தான் முடியும். அண்ணிக்குக் குள்ளமான உருவம், அந்த உருவத்துக்குப் பொருந்தாத பெரிய சிரிப்பு. குடையை எங்கே வைத்தார் என்று தெரியாது, சாவியை எங்கே வைத்தார் என்று தெரியாது. மனதில் ஓடுவதெல்லாம் முகத்தில் அப்படியே தெரிந்துவிடும். என் பிறந்தநாளுக்கு ஒருமுறை ரகசியமாகக் கைக்கடிகாரம் வாங்கி வைத்திருந்தார். மாடிப்படியில் எதிரே வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே என் மணிக்கட்டு தானாக நீண்டுவிட்டது.

படித்து முடித்த நாளிலிருந்து அவருக்கு நிரந்தர வேலை என்று ஒன்று அமைந்ததில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் இன்னொரு ஊர், இன்னொரு ஒப்பந்தம். அண்ணனும் தன் சுத்தியலையும் மெழுகையும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போனான். கடைசியாகத்தான் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஒப்பந்தமும் முடிகிற வருஷத்தில்தான் நான் சொல்லப்போவது நடந்தது.

அதற்கு முன்னால் அண்ணி எதை அளந்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். புரோட்டானுக்குள் குவார்க் என்று இன்னும் பொடியான துகள்கள் உண்டு. அவற்றைக் கட்டி வைத்திருப்பதற்குப் பெயரே வலுவான விசைதான். மற்ற விசைகள் தூரம் போகப் போகத் தளர்ந்துவிடும். இது தளராது. குவார்க்குகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஒன்று விலகப் பார்த்தால் மட்டும் விசை விடாமல் இழுக்கும். அண்ணி இதை முதல்முறை சொன்னபோது, "அப்ப அது எங்க அண்ணன் மாதிரி" என்றேன். பக்கத்தில் இருந்தால் பேப்பரிலிருந்து தலை தூக்க மாட்டான். அண்ணி வெளியூர் போனால் மணிக்கொரு தடவை போன் பண்ணி உப்பு எங்கே என்று கேட்பான். அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ரொம்பவும் இழுத்தால் அந்தக் கட்டு அறும். அறுந்த முனைகளில் புதிதாகக் குவார்க்குகள் பிறந்துவிடும். அதனால் தனிக் குவார்க் என்று எதையும் யாரும் பார்த்ததே கிடையாது; அது போன திசையில் துகள்கள் கூட்டமாகப் பீய்ச்சியடிப்பதைத்தான் பார்க்கலாம். அதை இவர்கள் தாரை என்கிறார்கள். பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு தாரைகள் கிளம்பும், எப்போதாவது மூன்றாவது ஒன்றும் சேர்ந்து வரும். அந்த மூன்றாவது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று பார்த்தால் விசை எவ்வளவு வலுவானது என்று ஒற்றை எண்ணாகச் சொல்லிவிடலாம். வேறு குழுக்கள் வேறு வழிகளில் அளந்து சொல்லியிருந்தார்கள். அண்ணி அவர்களைவிடத் துல்லியமாக அளக்க ஆறு வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்டதும் எனக்கு இது என்ன கிறுக்குத்தனம் என்றுதான் தோன்றியது. வேலை முழுவதும் முடிகிற வரை விடையைப் பார்க்கக் கூடாது. யாருக்கும் தெரியாத ஒரு மறைவு எண்ணைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்து விடையோடு கூட்டி வைத்துவிடும். திரையில் தெரிவது பொய்யான விடை. அதை வைத்துக்கொண்டு எல்லாச் சோதனையும் செய்து, எல்லா முடிவும் எடுத்து, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறைவு எண்ணை நீக்குவார்கள். அதற்குப் பெட்டி திறப்பது என்று பெயர். முன்கூட்டியே விடை தெரிந்துவிட்டால், நாம் எதிர்பார்த்த பக்கமாக நம்மை அறியாமலே கை போய்விடும் என்பது காரணம். ஓட்டுநர் தேர்வில் என் மாணவர்களுக்கு நானே மதிப்பெண் போட முடியாதது போல என்று எனக்கு நானே சொல்லிப் புரிந்துகொண்டேன்.

அந்தக் குழுவில் ஒருவர் இருந்தார். அண்ணி என்ன சொன்னாலும் அவர் "ஆனா" என்றுதான் ஆரம்பிப்பார். குழுவில் எல்லாரும் அவரை ஆனா சார் என்றே கூப்பிட்டார்கள், அவர் முன்னாலேயே. அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியே அண்ணிக்கு இரண்டு வருஷம் போயிருந்தது. வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

ஒரு மத்தியான வேளையில் என் ஓட்டுநர் பள்ளிக்கு அண்ணி வந்தார். பள்ளி என்றால் ஒற்றை அறை. சுவரில் சாலைக் குறிகள், மேஜையில் பாடம் நடத்துவதற்காகப் பொம்மைக் கார்கள். வேலை நாளில் அவர் அங்கே வந்ததே இல்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்து, ஒரு பொம்மைக் காரை எடுத்து உருட்டிக்கொண்டே, "பாத்துட்டேன்" என்றார்.

அண்ணனை யாரோடோ பார்த்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த நிமிஷத்தில் அண்ணனை என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டமே போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் பார்த்தது விடையை. போலித் தரவை வைத்துச் சோதனை செய்வதற்காக மறைவு எண்ணை அணைத்து வைத்திருந்திருக்கிறார். அது அணைந்திருப்பதை மறந்துவிட்டு, உண்மையான தரவை ஓட்டிவிட்டார். திரையில் உண்மையான எண் வந்து நின்றது. கண்ணை மூடினாராம். மூடுவதற்குள் படித்தாகிவிட்டது.

ஆறு வருஷமாகத் தேடிய விடை கிடைத்ததற்காக ஒரு மனுஷி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

யாரும் பார்த்தார்களா என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. அப்புறம் என்ன, வாயை மூடிக்கொண்டு போய் வேலையைப் பாருங்கள் என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன், இப்போதும் அதற்காக வெட்கப்பட மாட்டேன். அந்த வருஷக் கடைசியில் பெரிய மாநாடு இருந்தது. இந்த அளவீட்டை மேடையேறிச் சொல்கிறவர் யாரோ அவருக்குத்தான் அடுத்த வேலை என்பது அவர்கள் உலகில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சொல்லப்போவது அண்ணி என்று முடிவாகியிருந்தது. இதை வெளியே சொன்னால் அந்த மேடை கையைவிட்டுப் போகும். மேடை போனால் வேலை போகும். அவர் வயதில் இன்னொரு ஒப்பந்தம் கிடைப்பது சந்தேகம்தான்.

"இன்னும் ஒரு முடிவு பாக்கி இருக்கு" என்றார் அண்ணி. தாரைகளின் ஆற்றலை எடை போட இவர்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. கருவியின் ஒரு மூலையில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்றை எடுத்தால் விடை கொஞ்சம் ஏறும், மற்றதை எடுத்தால் கொஞ்சம் இறங்கும். எதை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் அண்ணி.

"இப்ப நான் எதை எடுத்தாலும், ஏன் எடுத்தேன்னு எனக்கே தெரியாது. நேர்மையாத்தான் எடுத்தேன்னு என்னாலயே சொல்லிக்க முடியாது. அதுக்கப்புறம் அந்த எண்ணு எனக்கு எதுக்கு?"

நான் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தேன். பொம்மைக் காரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று மாலையே குழுத் தலைவியிடம் சொல்லிவிட்டார்.

தலைவி திட்டவில்லையாம். பிறகு முடிவு வந்தது. கம்ப்யூட்டரில் மறைவு எண்ணைப் புதிதாக மாற்றுவார்கள். மிச்ச வேலையை வேறொருவர் செய்வார். பெட்டி திறக்கிற வரை அண்ணி எந்த எண்ணையும் பார்க்கக் கூடாது. உண்மையான விடை தெரிந்தவர் பொய்யான விடையையும் பார்த்துவிட்டால் மறைவு எண் என்னவென்று கழித்தே கண்டுபிடித்துவிடலாமே. கூட்டங்களுக்கும் வரக் கூடாது. வார்த்தையால் சொல்லாவிட்டாலும் முகத்தால் சொல்லிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். மேடையில் பேசுவதும் அந்த வேறொருவர்தான்.

அந்த வேறொருவர் ஆனா சார்.

அண்ணன் அன்று ஒரு முழுப் பல்வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அதை எடுத்துத் தூர வைத்துவிட்டு வந்து, அண்ணியின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். மறுபடியும் ஊர் மாற வேண்டியிருக்குமா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் வீட்டில் இருந்து, அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்து அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். பார்க்கச் சகிக்காமல், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன். வருஷக்கணக்காக நான் கூப்பிட்டு அவர் நழுவிக்கொண்டிருந்த விஷயம் அது. இந்தத் தடவை நழுவ அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

எனக்கு வாய்த்த மாணவர்களிலேயே மோசமானவர் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். துகள்கள் மோதுவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் என்பதாலோ என்னவோ, எதிரே சைக்கிள் வந்தாலே பிரேக்கை மிதித்துவிடுவார். என் கழுத்து அந்த மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்பார். "ஓட்டுனரம்மா, எனக்கு இது வராது" என்பார். வரும் என்று கத்துவேன். கத்தினால் இன்னும் பலமாகப் பிரேக் போடுவார்.

அந்த எண் நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று தெரியாமல் என் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. அண்ணனிடமும் மூச்சு விடவில்லை என்று தெரிந்ததும் என் ஆசை இன்னும் கூடியது. ஒருநாள் நாற்சந்தியை நெருங்கும்போது ஒரு யோசனை வந்தது. "வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணி. நல்ல எண்ணுன்னா இடது பக்கம் திருப்புங்க, கெட்ட எண்ணுன்னா வலது பக்கம் திருப்புங்க."

அண்ணி நேராகப் போனார். திரும்ப வேண்டிய அடுத்த முனையிலும் திரும்பாமல் நேராகப் போனார். அதற்கடுத்ததிலும் அப்படியே. ஊர்க்கோடியில் இருந்த கிடங்குகள் எல்லாம் முடிந்து, சாலை ஒரு பூட்டிய கேட்டில் போய் முட்டும் வரை போய், கேட்டுக்கு ஒரு அடி முன்னால் அழகாக நிறுத்தினார். அவர் ஒழுங்காக வண்டியை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி. மாடிப்படியில் கைக்கடிகாரத்தை மறைக்கத் தெரியாமல் நின்ற அதே முகம். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்பது பாவம் என்று தோன்றிவிட்டது.

இதற்கிடையில் ஆனா சார் அந்த மூலையைத் தோண்டத் தொடங்கியிருந்தார். இரண்டு வழிகளில் எது என்று தேர்ந்தெடுப்பதோடு அவர் நிற்கவில்லை. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டார். தலைவிக்குக்கூட எரிச்சல் வந்ததாகப் பின்னால் கேள்வி. மாநாட்டுக்கு நாள் நெருங்குகிறது, இந்த மனுஷர் கழுத்தை அறுக்கிறாரே என்று. அண்ணியிடம் இதையெல்லாம் யாரும் சொல்லக் கூடாது. பெட்டி திறப்பது தள்ளிப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது. ஏன் தள்ளிப்போகிறது என்று நினைத்து நினைத்து அவர் இளைத்துப் போனார்.

கடைசியில் ஒருநாள் பெட்டி திறக்கிறோம், வாருங்கள் என்று அழைப்பு வந்தது. அண்ணியே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து இருக்கையில் நான். வழியில் இரண்டே தடவைதான் பிரேக்கை மிதித்தார், இரண்டும் நியாயமான இடங்கள். அவரை இறக்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தேன். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சாதாரண அறை. நீள மேஜை, சுவரில் திரை, ஒரு கால் ஆடும் நாற்காலிகள், ஆறிப்போன காபிக் கோப்பைகள். ஆனா சார் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியாக, சட்டைப்பையில் நாலைந்து பேனாவோடு, அவரே பயந்து போனவராக இருந்தார். என்ன செய்தோம் என்று முதலில் சொன்னார். கருவியின் அந்த மூலையில் குளிரூட்டும் அமைப்பைச் சில மாதங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் அந்தப் பகுதி துளி சூடாகி, தாரைகளை எடை குறைத்துக் காட்டியிருக்கிறது. எடை போடும் வழிகளில் ஒன்று அதைக் கவனித்தது, மற்றது ஏமாந்துவிட்டது. அதைச் சரிசெய்த பிறகு இரண்டும் ஒத்துப்போய்விட்டன. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மறைவு எண்ணை நீக்கினார்கள்.

திரையில் எண் வந்தது. ஒரு பயலும் திரையைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணியின் முகம் அசையவில்லை. தலைவிதான், "இனிமே சொல்லலாம். நீங்க பாத்தது இதுதானா?" என்று கேட்டார்.

"இது இல்ல" என்றார் அண்ணி. "நான் பாத்தது மத்தவங்க எல்லாரும் சொன்ன அதே எண்ணு. அச்சு அசலா அப்படியே."

திரையில் இருந்த எண் மற்றவர்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்தது. ரொம்பத் தூரமில்லை, முரண்பட்டு நிற்கிற அளவுக்கு இல்லை. ஆனால் இதுவரை யாரும் அளந்ததைவிடத் துல்லியமானது. ஆனா சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது மற்றவர்களின் எண்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த மூலையைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்றார். பொருந்திவிட்டதே, இன்னும் எதற்குத் தோண்டுவது என்று விட்டிருப்பேன், எல்லாருமே விட்டிருப்போம் என்றார். தப்பான எண் அழகாகப் பொருந்தி மேடையேறியிருக்கும்.

பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். தலைவி ஒரு பேப்பரை எடுத்து மாநாட்டு ஏற்பாடுகளைப் படிக்க ஆரம்பித்தார். பேசப்போகிறவர் என்று ஆனா சாரின் பெயரைச் சொன்னார். அண்ணி குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். பையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஆனா" என்றார் ஆனா சார்.

மேஜையைச் சுற்றி எல்லாரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். இப்போது எதில் ஓட்டை கண்டுபிடித்தாரோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"ஆனா மேடையில நான் பேசப்போறதில்ல. இவங்க பேசட்டும். நான் பாத்துட்டேன், என்னை வெளியில வைங்கன்னு சொன்னது இவங்க. இவங்க சொன்னாத்தான் அந்த எண்ணை நம்புவாங்க. முதல்ல நான் நம்புவேன்."

தலைவி பேப்பரில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். அவ்வளவுதான் சம்பிரதாயம். அண்ணி கைப்பையிலிருந்து நிமிர்ந்தார். ஒன்றரை மாதமாகத் துடைத்து வைத்திருந்த முகத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும், ஆனா சார் மேல் இருந்த பழைய கோபம்கூடக் கொஞ்சம். ஆனா சார் பார்க்க முடியாமல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணிக்கு நான் என்ன உறவு என்று ஒருவர் கேட்டார். "நாத்தனார்" என்றேன். அவர் நம்பவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன். நாற்சந்தி வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது, "இப்ப கேளு" என்றார். கேட்டேன். பார்த்துவிட்ட எண்ணைச் சொன்னார், பிறகு இன்றைக்கு வந்த எண்ணைச் சொன்னார், இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தப் பொட்டு வித்தியாசத்தைச் சொன்னார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. வீடு வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.